ராட்டைக்கொடியும் ஒரு பட்டியலும்

எர்ணாவூரில் என் எதிர்வீட்டுப் பையன் படங்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை பார்க்கிறான். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்வது. திரையில் ஒரு புகைப்படம் வரும். அதிலுள்ள லாரி, மரம், நாய், மனிதன் என்று ஒவ்வொன்றையும் கட்டம் கட்டி, தயாராக இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கி ஒட்ட வேண்டும். இயந்திரம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். சென்ற மாதம் ஒரு பழைய ஊர்வலப் படத்தோடு வந்தான். கறுப்பு வெள்ளைப் படம். கொடியில் மூன்று பட்டைகள், நடுவில் ராட்டை. பட்டியலில் ‘இந்தியா’ இருந்தது, ‘கட்சிக்கொடி’ இருந்தது, ‘இதர’ இருந்தது. “சார், இதுல எதைப் போடறது?” என்றான். ‘இந்தியா’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது.

ராட்டையோடு கூடிய காவி, வெள்ளை, பச்சைக் கொடியை அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 1931 ஆகஸ்டில் பம்பாயில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் இதற்கென்றே நியமித்த குழு முழுக்கக் காவியாக ஒரே வர்ணத்தைச் சிபாரிசு செய்திருந்தது. கமிட்டி அதை ஏற்கவில்லை. ஆக, அனாதியானது என்று நாம் பாவிக்கும் மூவர்ணம் ஒரு கட்சியின் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. ஐந்து மாதம் கழித்து, 1932 ஜனவரி 11 அன்று, அந்தக் கொடியோடு ஊர்வலம் போய் அடிபட்ட திருப்பூர் குமரன் இறந்துபோனார். அதே மாதம் 26ஆம் தேதிக்கென்று, ஆர்யா என்ற பாஷ்யம் இருட்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் ஏறி அதைக் கட்டினார். போலீசுக்கு அது குற்றத்துக்கான தடயம். பாஷ்யத்துக்கு அது தேசியக்கொடி. தேசம் என்ற ஸ்தாபனம் அப்போது இல்லை. இல்லாத ஒன்றின் கொடியைத்தான் அவர் ஏற்றினார்.

1937இல் ராஜாஜியின் மந்திரிசபை வந்தது. அதன் பிறகு ஆட்சேபம் வேறு திசையிலிருந்து எழுந்தது. காங்கிரஸ் ஆளும் மாகாணங்களில் ஒரு கட்சியின் கொடியை எல்லோருடைய கொடியாக ஏற்றுகிறார்கள் என்று முஸ்லிம் லீக் சொல்லிற்று. 1938இன் பீர்பூர் அறிக்கையில் இந்தக் குறையும் பதிவாகியிருக்கிறது. இதை வெறும் வகுப்புவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கொடி பிறந்த இடம் ஒரு கட்சியின் கமிட்டி என்பது உண்மைதானே? பாஷ்யம் சொன்னதும் உண்மை, லீக் சொன்னதும் உண்மை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ராட்டையை எடுத்துவிட்டு அசோகச் சக்கரத்தை வைத்தது. வழக்கு அந்த மட்டில் முடிந்தது. ஆகஸ்ட் 15 அன்று பாஷ்யம் ஏறிய அதே கோட்டையில் புதிய கொடி ஏறிற்று. பெரியார் அன்றைக்குத் துக்கநாள் என்றார். அன்று ஏறிய பட்டுக்கொடி இப்போது கோட்டை மியூசியத்தில் இருக்கிறது.

ராட்டைக்கொடிக்கு ‘இந்தியா’ என்று ஒட்டினால் 1947இன் தீர்ப்பை 1932க்குக் கொண்டுபோகிறோம். குமரன் எதற்காக அடிபட்டார் என்பதே விளங்காமல் போய்விடும். ‘கட்சிக்கொடி’ என்று ஒட்டினால் போலீஸ் ரிகார்டைப் பிரதி எடுக்கிறோம்.

ஜெயித்த கொடிக்கே இவ்வளவு சிக்கல். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கை 1951இல் ஏற்ற கொடியில், வாளேந்திய சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இரண்டு பட்டைகள். அதைத் தீர்மானித்த குழுவில் இருந்த செனட்டர் நடேசன் உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினார். நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1990இல், விடுதலைப் புலிகள் தங்கள் கொடியிலிருந்து இயக்கத்தின் பெயரை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தமிழீழத் தேசியக்கொடி என்றார்கள். அந்த எழுத்துகள் போனதில் இயக்கம் தேசமாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். 1992இலிருந்து அந்த இயக்கத்தைத் தடை செய்திருக்கும் இந்திய அரசு அதை ஏற்கவில்லை. புலிகளின் கையில் மாண்டவர்களின் வீட்டாரும் ஏற்க மாட்டார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பலர் மாவீரர் நாளில் அதைத்தான் ஏற்றுகிறார்கள். பையனின் திரையில் அது வந்தால் எதை ஒட்டுவான்?

பட்டியலைத் தயாரிப்பவர்கள் இந்தச் சங்கடத்தை மேலிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். செல்போனில் வரும் குட்டிக் கொடிகளை யூனிகோட் அமைப்பு தானாக முடிவு செய்வதில்லை; ஐ.எஸ்.ஓ.வின் ஈரெழுத்துக் குறிகளைப் பார்க்கிறது. ஐ.எஸ்.ஓ. ஐக்கிய நாடுகள் சபை தரும் பெயர்களைப் பார்க்கிறது. தைவான் அங்கே சீனத்தின் மாகாணம். கொசோவோவுக்கு அதிகாரபூர்வமான குறியே கிடையாது. ஆனால் மேன் தீவுக்கு உண்டு. 2017 ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூர்க் கடலில் மோதிய இரண்டு கப்பல்களில் ஒன்று அந்தத் தீவின் கொடியில் பதிவானது. அந்த எண்ணெய்தான் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிற்று. ஜனங்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். மேன் தீவு தனி நாடல்ல, பிரிட்டிஷ் முடியைச் சார்ந்தது. அதற்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. தேசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்தப் பட்டியலுக்கு என்ன யோக்யதை?

பாங்கில் தலைப்புத் தெரியாத பணம் வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ‘இதர’ என்பது அதுதான். ஆனால் சஸ்பென்ஸில் வைக்கும்போதும் தேதி, தொகை, யாரிடமிருந்து வந்தது எல்லாம் எழுதியாக வேண்டும். என்றாவது ஒருநாள் அதைத் தீர்க்கவும் வேண்டும். கொடிக்கும் அவ்வளவு மரியாதை போதும் என்று நினைக்கிறேன். யார் ஏற்றினார்கள், எந்த வருஷம், என்ன பெயர் சொன்னார்கள், யார் மறுத்தார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டால் தீர்ப்பைப் பார்க்கிறவனிடம் விட்டுவிடலாம்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டு, “பேரோட வருஷத்தையும் சேர்த்துப் போடுப்பா” என்றேன்.

“வருஷம் போட இடமே இல்ல சார்” என்றான். “நீங்க சொன்னபடி நேத்தே ‘இந்தியா’ன்னு அனுப்பிட்டேன். சரின்னு வந்துடுச்சு.”