சுவீகாரமும் காத்திருப்பும்

பிள்ளைக்கலி தீர வேண்டிச் சேதுவில் நீராடியும், அரசும் வேம்பும் பிணைந்த மேடையில் நாகப் பிரதிஷ்டை செய்தும் ஆண்டுகளைக் கழித்த தம்பதிகள், முடிவில் பங்காளி வீட்டுப் பிள்ளையொன்றைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம். ஆனால் பழைய தர்மசாஸ்திரம் அந்த ஆசையை வம்சத்துக்கும் பிண்டத்துக்கும் சொத்துக்கும் உரிய காரியமாகவே கருதிற்று. ஆகையால் தத்து என்றால் ஆண்பிள்ளைதான் என்பதும், அந்தணர் முதலியோரிடையே தத்தஹோமம் வளர்ப்பதும் விதியாக நின்றன.

அவ்விதிகளுக்குள் மிகக் கடினமான காத்திருப்பு விதவையினுடையது. கணவன் உயிரோடிருக்கையில் அநுமதி சொல்லாமற் போனால் அவள் பிள்ளை எடுக்கலாமா என்ற கேள்வி, இராமநாதபுரம் ஸமஸ்தானத்து ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் செய்த சுவீகாரத்தின் மேல் எழுந்தது. அந்தச் சுவீகாரம் செல்லாது என்றும், ராணிக்குப் பின் வாரிசின்றி ஜமீன் அரசாங்கத்தையே சேரும் என்றும் மதுரைக் கலெக்டர் வாதாட, வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கணவனது அநுமதி இல்லையெனினும், திராவிட தேசத்து வழக்கப்படி அவனுடைய ஸபிண்டர்களின், அதாவது நெருங்கிய பங்காளிகளின், சம்மதம் போதும் என்று அங்கே 1868-இல் தீர்ப்பாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் வந்த 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், பெண்மகவையும் தத்தெடுக்கலாம் என்றது. விதவையும் மணமாகாதவளும் யாருடைய சம்மதமுமின்றித் தம் பெயரிலேயே எடுக்கலாம் என்றது. ஹோமம் இன்றியமையாததல்ல என்றும் சொல்லிற்று. பிற சமயத்தார் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருந்துவந்த நிலை, 2000-இல் பிறந்து 2006-இல் திருத்தம் பெற்ற இளைஞர் நீதிச் சட்டத்தால் மாறிற்று.

இன்றும் பதிவு செய்த தம்பதிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதிக்குத் தக்க காரணமும் உண்டு. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தையாயின், உற்றார் எங்கேனும் இருக்கிறார்களா என்று முதலில் தேடச் சொல்கிறது. முன்னாளில் வம்சத்துக்குப் பிள்ளை தேடினார்கள். இந்நாளில் பிள்ளைக்கு வீடு தேடுகிறார்கள். ஆகவே காத்திருப்போர், தங்கள் பொறுமையின் ஒரு பகுதி வரப்போகும் குழந்தைக்குச் செய்யும் முதல் நன்மை என்று எண்ணி நம்பிக்கை தளராதிருத்தல் தகும்.

எனினும் அந்த நியாயம், காகிதம் மேசைக்கு மேசை நகராமற் கிடக்கும் தாமதத்துக்குப் பொருந்தாது. தத்து உத்தரவு வழங்கும் அதிகாரம் 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்திலிருந்து மாவட்டக் கலெக்டரிடம் வந்திருக்கிறது; அதற்கு இரண்டு மாதக் கெடுவும் உண்டு. ஒரு காலத்தில் சுவீகாரத்தை எதிர்த்து வழக்காடிய அந்தப் பதவியில் இன்று இருப்போர், அந்தக் கெடுவைத் தவறாமல் காக்க வேண்டும்.