பூவுக்குள் புகுந்த யானை

ஜப்பானியர் ஒரு செர்ரிப் பூவை யானை என்று அழைக்கிறார்கள். அதன் பெயர் ஃபுகென்சோ. 'சோ' என்றால் யானை. 'ஃபுகென்' என்பவர் மகாயான பௌத்தத்தின் சமந்தபத்திரர், ஆறு தந்தங்களுள்ள வெள்ளை யானைமேல் வீற்றிருக்கும் போதிசத்துவர். சமந்த என்றால் எங்கும், பத்திர என்றால் நலம். சீனர்கள் ஒலியை விட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு எழுத்துகளில் 'பூசியன்' என்றார்கள். அதே எழுத்துகளை ஜப்பானியர் 'ஃபுகென்' என்று படித்தார்கள். 'பத்திரமாகப் போய் வா' என்று நாம் சொல்கிற பத்திரமும் அந்த வடசொல்லின் வழி வந்ததுதான்.

பூவில் யானை எங்கே இருக்கிறது? ஃபுகென்சோ அடுக்குப் பூ. மொட்டில் அடர்ந்த ரோஜா நிறம், விரிந்ததும் வெளிறிவிடும். இதழ்களை விலக்கி நடுவே பார்த்தால், சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னப் பச்சை இலைகள் தெரியும். விளிம்பில் ரம்பப் பற்கள்கூட உண்டு. இரண்டும் நுனியில் வளைந்து வெளியே எட்டிப் பார்க்கும். அவற்றைத் தந்தம் என்பவர்களும் உண்டு, துதிக்கை என்பவர்களும் உண்டு. ஜப்பானிய மொழியில் பூவும் மூக்கும் 'ஹனா'தான். யானையின் துதிக்கையும் 'ஹனா'. காமகுராவில் இருந்த ஃபுகென் மண்டபத்தின் பெயரான 'ஃபுகென்தோ' மருவி இப்படி ஆனது என்றும் ஒரு விளக்கம் உண்டு. மண்டபமே மூலமாக இருந்தாலும், 'தோ'வை 'சோ' ஆக்கியது பூவுக்குள் பார்த்த கண் என்றே நினைக்கிறேன்.

முரோமாச்சி காலத்திலேயே (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) அறியப்பட்ட வகை இது. அன்றைய ஜப்பானில் யானையை நேரில் கண்டவர் அரிது. 1408-இல் தென்கடலிலிருந்து வந்த கப்பல் ஒன்று ஒபாமா துறையில் ஒரு யானையை இறக்கியது. வெகுகாலம் கழித்தும்கூட, வியட்நாமிலிருந்து நாகசாகிக்கு வந்த இன்னொரு யானை 1729-இல் கியோட்டோ வழியாக எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) நடந்தபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. மற்றபடி மக்கள் அறிந்ததெல்லாம் கோயில் ஓவியங்களில் சமந்தபத்திரரைச் சுமந்து நிற்கும் வெள்ளை யானைதான். ஆக, பூவுக்குப் பெயர் தந்தது ஓவியத்து யானை என்பது என் முடிவு.

பெயர் ஓவியத்திலிருந்து பிறந்ததென்றால், அதைக் காப்பாற்றியதில் ஓவியர்களுக்கும் பங்குண்டு. மட்சுவோகா கெந்தாட்சுவின் 'ஓஹின்' என்ற நூல் 1758-இல் அச்சாகி, 69 செர்ரி வகைகளை விவரித்தது. மிகுமா கதென் செர்ரிப் பூ வரைவதையே தன் கலையாக்கிக்கொண்டார். அவர் தங்கை ரோகோவும் அதே வழியில் நடந்தார். ரோகோவிடம் பயின்ற ஓதா ஷிட்சுஷிட்சு என்ற பெண் ஓவியர் பூவோடு வகையின் பெயரையும் எழுதிவைத்தார். 1842-இல் மருத்துவர் சகமோட்டோ கோனென் ஒரு பூத்தொகுப்பு வரைந்தார். பூ அழகாக அமைந்தால் மட்டும் இவர்கள் வேலை முடிந்துவிடாது. 'இச்சியோ' என்றொரு வகை உண்டு. ஒற்றை இலை என்று பொருள். அதில் பெரும்பாலும் ஒரே சூலகம்தான் இலையாக மாறியிருக்கும். ஓவியரின் தூரிகை நடுப்பகுதியை மழுப்பிவிட்டால் இச்சியோ எது, ஃபுகென்சோ எது என்று சொல்வது கடினம்.

இலையான சூலகம் காய்க்காது. பெயர் வாங்கித் தந்த அதே மாற்றம்தான் மரத்தை மலடாக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஒட்டுக் கட்டித்தான் இதைப் பெருக்குகிறார்கள். இன்றுள்ள ஃபுகென்சோ ஒவ்வொன்றும் அந்தப் பழைய மரத்தின் கிளையே. ஒட்டுக் கட்டும் கை ஓய்ந்தால் வகை அழிந்துபோகும், படமும் பெயரும்தான் மிஞ்சும். அதனால்தான் இந்தப் பூப்படங்களை வெறும் அலங்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

1886-இல் டோக்கியோவின் ஆரகாவா ஆற்றங்கரையில் 78 வகைகளை நட்டார்கள். அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காத்த ஃபுனாட்சு சேய்சாகு, ஓர் ஓவியரைக் கொண்டு அவற்றை வகைவகையாக வரையவும் செய்தார். அந்தக் கரையின் ஒட்டுகளிலிருந்து வளர்த்த 12 வகைக் கன்றுகள் 1912-இல் வாஷிங்டன் போயின. ஃபுகென்சோ அவற்றில் ஒன்று. பின்னர் ஆற்றைத் திருத்தியதிலும் போர்க்கால விறகுத் தட்டுப்பாட்டிலும் ஆரகாவாவின் மரங்கள் அழிந்தன. 1981-இல் வாஷிங்டன் மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சிகளை வெட்டி எடுத்து, அதே கரையில் உள்ள அடாச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.