கடல் நீலமும் ராமன் கையிலிருந்த பட்டகமும்

இந்த எபிசோடு ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது. தரங்கம்பாடியில நான் எடுத்த கடல் போட்டோவை நாமக்கல்ல என் கூட்டாளி ஒருத்தன்கிட்ட காட்டினேன். நல்ல அடர் நீலம். "இது கடலாடா, பெயிண்ட் டப்பாவைக் கவுத்து விட்ட மாதிரி இருக்கு"ன்னான். எடிட்டிங்ல கலரே ஏத்தலை, லென்ஸ் முன்னாடி போலரைசர்னு ஒரு ஃபில்டர் மட்டும் போட்டேன்னு சொன்னேன். "அப்ப கண்ணாடி போட்டு ஏமாத்தியிருக்க"ன்னுட்டான்.

அது கொஞ்சம் உறுத்துச்சுங்க. ஏன்னா இதே சோதனையை 1921-லயே ஒரு தமிழர் கப்பல் தளத்துல நின்னு செஞ்சு பார்த்திருக்கார்.

அவர் திருச்சியில பிறந்த சி.வி. ராமன். அப்போ கல்கத்தா பல்கலைக்கழகத்துல பேராசிரியர். இங்கிலாந்து போயிட்டு எஸ்.எஸ். நார்குண்டா கப்பல்ல திரும்பி வர்றார். மத்தியதரைக் கடலோட நீலம் அவரை விடவே இல்லை. கடலோட நீலம் வெறும் வானத்தோட பிரதிபலிப்புதான்னு லார்டு ரேலே ஏற்கனவே சொல்லி வச்சிருந்தார். வானம் ஏன் நீலம்னு விளக்கினவரே அவர்தான், நோபல் பரிசு வாங்கினவர். அவர் சொன்னா யார் எதிர்த்துப் பேசுவாங்க?

ராமன்கிட்ட இருந்தது நிகோல் பட்டகம். கால்சைட் படிகத்துல செஞ்ச சின்னப் பொருள். ஒரே திசையில அதிர்ற ஒளியை மட்டும்தான் உள்ளே விடும். தண்ணி மேல பட்டுத் தெறிக்கிற ஒளி பெரும்பாலும் ஒரே திசையில அதிரும். செங்குத்துக் கோட்டுல இருந்து சுமார் 53 டிகிரி சாய்வாப் பார்த்தா, கிட்டத்தட்ட முழுசாவே அப்படித்தான். அந்தக் கோணத்துல பட்டகத்தைத் திருப்பினா மேற்பரப்புப் பளபளப்பு அணைஞ்சுடும்.

ரேலே சொன்னது சரின்னா, பளபளப்போட சேர்ந்து நீலமும் போயிருக்கணும். போகலை. இன்னும் அடர்த்தியாச்சு! அப்படின்னா அந்த நீலம் தண்ணிக்குள்ள இருந்துதான் வருது. கப்பல் பம்பாய் துறைமுகத்துக்கு வந்ததும் அதை எழுதி அனுப்பினார். அந்த வருஷமே 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு. அங்க ஆரம்பிச்ச ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவுல போய் நின்னுச்சு. 1930-ல நோபல்.

ராமன் சொன்னதும் முழுக் கதை இல்லைங்க. அவர் மூலக்கூறுகளோட சிதறலுக்குத்தான் அதிக எடை கொடுத்தார். தண்ணி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கிறது அதைவிடப் பெரிய காரணம்னு இன்னைக்குத் தெரியும். ரேலேவையும் ஒரேயடியாத் தள்ள முடியாது. தொடுவானம் பக்கம் ரொம்பச் சாய்வாப் பார்க்கும்போது நமக்குத் தெரியறது பெரும்பாலும் வானம்தான்.

என் ஃபில்டர் அந்தப் பட்டகத்தோட மலிவான தம்பி. 1929 வாக்குல எட்வின் லேண்டு இந்தத் தகட்டைக் கண்டுபிடிச்சதாலதான் படிகம் இல்லாமலே நம்ம கைக்கு இது வந்துச்சு. நம்ம கிழக்குக் கரையில சூரியன் கடல்லயே உதிக்கும். அதனால காலையில சூரியனுக்கு நேரா கேமராவைத் திருப்பாதீங்க. கரையோரமா வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்னு, ஃபில்டர் வளையத்தை மெதுவாத் திருப்புங்க. சூரியனுக்குப் பக்கவாட்டுல 90 டிகிரியில வானமும் நல்லா அடர்த்தியாகும். வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் வரைக்கும் குறையும், அதுக்கு ஏத்த மாதிரி ஷட்டர் வேகத்தைக் குறைச்சுக்கணும். ரொம்ப அகலமான லென்ஸ் போட்டா வானத்துல ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெளுப்புன்னு திட்டுத்திட்டா வரும்.

கூட்டாளி இவ்வளவு சொல்லியும் நம்பலை. சேலத்துலயும் நாமக்கல்லயும் கடலுக்கு எங்க போக? மோகனூர்ல காவிரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி மேல வானம் பளிச்சுனு நீலமாத் தெரிஞ்சுது. ஃபில்டரை அவன் கண்ணுகிட்ட வச்சுத் திருப்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீலம் போயிருச்சுடா. வெறும் சேறுதான் தெரியுது"ன்னான்.