பொதுக் கணினியில் தடை விதித்த வரலாறு

1999-ஆம் ஆண்டில் ஜிம் மக்குவிலன் என்னும் அமெரிக்கர் தோற்றுவித்த லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், புதுக் கணினி வாங்கச் சக்தியற்ற பள்ளிக்கூடங்களுக்குப் பேருபகாரமாக அமைந்தது. ஹார்ட் டிஸ்க்கும் இல்லாத பழைய யந்திரம், ஸ்விட்சைப் போட்டதும் நெட்வொர்க் கம்பி வழியே சர்வரை அணுகி, அதனிடமிருந்தே லினக்ஸின் மையக்கருவான கெர்னலைப் பெற்று எழுந்துவிடும். பின்னர் மாணாக்கன் எதைத் திறந்தாலும் ஓடுவது சர்வரில்தான். அவன் எதிரில் இருப்பவை திரையும் விசைப்பலகையும் மௌஸும் மாத்திரமே. ஆரிகன் மாநிலத்தில் உருவான கே12எல்டிஎஸ்பி என்னும் தொகுப்பு இந்த ஏற்பாட்டை வகுப்பறைக்கென்றே செப்பனிட்டுக் கொடுத்தது.

இது பரவத் தொடங்கிய வேளையில், 2000 டிசம்பரில், சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று. இணைய இணைப்புக்கு மத்திய அரசின் கட்டணச் சலுகையை நாடும் பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் சாதனத்தை வைத்தே ஆகவேண்டும் என்று அது நிர்ப்பந்தித்தது. நூலகங்களைப் பற்றிய பகுதி பேச்சுரிமைக்குப் பங்கம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வழக்காடியும், 2003-இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 1996-இல் பிறந்த, இணைய வேண்டுகோள்களை இடைநின்று கடத்தும் ஸ்க்விட் பிராக்ஸி, தளங்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு தடுக்கும். டான்ஸ்கார்டியனோ பக்கத்தையே படித்து, தகாத சொற்றொடர்களுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டி, நல்ல விஷயத்தைக் காட்டும் சொற்களுக்குக் கழித்து, சிறு குழந்தைகளுக்கு 50, வளர்ந்த பிள்ளைகளுக்கு 100, இளைஞர்க்கு 160 என்ற எல்லையைத் தொகை தாண்டியதும் கதவடைத்தது.

ஆனால் சங்கடம் வேறிடத்தில் இருந்தது. கூட்டுக்குடும்பத்தார் யாவரும் ஒரே வாசல் வழியாகப் புறப்படுவதுபோல், அறையிலுள்ள அனைவரின் வேண்டுகோளும் சர்வரின் ஒரே ஐபி முகவரியிலிருந்து கிளம்பியதால், முகவரியைக் கொண்டு விதிக்கும் தடை ஆசிரியரையும் முதல் வகுப்புச் சிறுவனையும் பேதமின்றிப் பிடித்தது. ஆகவே, லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸில் பயனரின் எண்ணைப் பார்த்து வழிமறிக்கும் விதியும், இணைப்பு யாருடையது என்று சர்வரையே வினவும் ஐடென்ட் முறையும் கையாளப்பட்டன. 1993-இல் வரையறுக்கப்பட்ட இந்த ஐடென்ட், எவனும் பொய்ப்பெயர் சொல்லக்கூடிய பொது இணையத்தில் நம்பிக்கைக்கு உரியதன்று. சர்வர் ஒருவர் நிர்வாகத்தில் அடங்கிய பள்ளிக்குள்ளோ அதன் சொல் சாட்சியமாயிற்று.

பிற்காலத்தில் எச்டிடிபிஎஸ் பெருகியதும், மறையாக்கம் பெற்ற பக்கத்தைப் படிக்கும் வழி பெருமளவு அடைபட்டது. பெயர்ப்பட்டியலே மீண்டும் பிரதானமாயிற்று. யாருக்கும் எந்த யந்திரமும் சொந்தமில்லாத அறையில், தடுக்க வேண்டிய அவசியமே யார் எந்தத் தளத்தை நாடினார் என்னும் பெயர்வாரிப் பதிவைப் பிறப்பித்துவிட்டபடியால், எதைத் தடுப்பது என்பதோடு, அந்தப் பதிவை எவர் பார்க்கலாம் என்று வரையறுப்பதும் பள்ளி நிர்வாகத்தின் தலையில் விழுந்தது.