குண்டின் வேகமும் டில்லியின் கடிகாரமும்

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க மனிதன் கண்ட சாதனங்களைக் காலவரிசைப்படி நோக்கினால், குண்டைத் தடுத்து நிறுத்தி அதன் பலத்தை அறிந்த நிலையிலிருந்து, அதைத் தீண்டாமலே அதன் போக்கை அறியும் நிலைக்கு இந்தச் சாஸ்திரம் படிப்படியாக நகர்ந்து வந்திருப்பது புலனாகும். குண்டோடு நமக்குள்ள ஸ்பரிசம் குறையக் குறைய, அளவையின் பாரம் முழுவதும் காலக் கணக்கின் மீது சென்று விழுந்தது. ஆகவே இந்தச் சரித்திரத்தின் இந்தியப் பகுதியை ஆராய்பவன், பீரங்கிச் சோதனை மைதானங்களோடு நில்லாமல், தேசத்தின் காலத்தைக் காக்கும் டில்லி மாநகருக்கும் வந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வெற்றி பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித விற்பன்னருடையது. 1742இல் வெளியான தம் நூலில், கனத்த இரும்பு ஊசலின் முகத்தில் மரப்பலகையைப் பதித்து, அதில் குண்டைச் சுட்டுப் புதைத்து, ஊசல் பின்வாங்கிய தூரத்தை அதன் அடியில் கோத்த நாடாவினால் அளந்து, குண்டின் எடையையும் ஊசலின் எடையையும் ஒப்பிட்டு வேகத்தைக் கணிக்கும் முறையை அவர் விளக்கினார். மஸ்கட் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கும் மேலாகப் பாய்வதையும், அந்த வேகத்தில் காற்று அதற்கிழைக்கும் தடை அக்காலத்தவர் எண்ணியதைக் காட்டிலும் மிகப் பெரிதென்பதையும் அவரே முதலில் நிரூபித்தார். 1745இல் கணித அறிஞர் ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான விளக்கங்களும் சேர்த்தார். இத்தகைய மேதையான ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதம இஞ்சினீயராக 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்து, கோட்டைகளைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டிருக்கையில் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார் என்பதை நம்மவர் பெரும்பாலோர் அறியார். தமிழ்நாட்டு விஞ்ஞான சரித்திரத்தில் அவருக்கு ஓர் அத்தியாயமே உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்சாரம் துணைக்கு வந்தது. பெல்ஜிய ராணுவத்தைச் சேர்ந்த லெ பூலாஞ்ஜே அமைத்த குரோனோகிராஃபில், குண்டு முதற்கம்பியை அறுத்ததும் மின்காந்தம் விடுவித்த நீண்ட தண்டு ஒன்று விழத் தொடங்கும்; இரண்டாம் கம்பி அறுந்ததும் குட்டைத் தண்டு விழுந்து ஒரு கத்தியை விடுவிக்கும்; அக்கத்தி நீண்ட தண்டின் மீது இடும் வடுவே காலத்தின் அளவு. புவியீர்ப்பையே கடிகாரமாக்கிய இந்த யுக்தி பல தேசங்களின் சோதனைச் சாலைகளில் நெடுங்காலம் வழங்கியது. பின்னர் ஒளித்திரைகளும், படிகத்தின் அதிர்வை எண்ணும் மின்னணுக் கருவிகளும் வந்தன. எனினும் இவை யாவும் இரு புள்ளிகளுக்கிடையே குண்டு கொண்ட சராசரி வேகத்தையே சொல்ல வல்லவை.

சுதந்திர இந்தியாவில் இத்துறைக்குரிய அடித்தளம் டில்லியில் அமைந்தது. 1947 ஜனவரி 4இல் நேரு அடிக்கல் நாட்டி, 1950 ஜனவரி 21இல் சர்தார் படேல் திறந்து வைத்த தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1948 முதல் ராணுவ மந்திரியின் விஞ்ஞான ஆலோசகராயிருந்தவர் டில்லிப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் டி. எஸ். கோத்தாரி. பாதுகாப்பு விஞ்ஞான ஆய்வுக்கூடம் தொடக்கத்தில் கிருஷ்ணனின் ஸ்தாபனக் கட்டடத்திலேயே இயங்கி, 1960இல் யமுனைக் கரையிலுள்ள மெட்காஃப் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1857இன் கலகத்தில் சூறையாடப்பட்ட அந்த வெள்ளைக்கார மாளிகை, பிற்கால ராணுவ ஆய்வுக்கூடங்கள் பலவற்றிற்கு நாற்றங்காலாயிற்று. வெடியும் குண்டும் இலக்கில் விளைக்கும் பயனை ஆராய்வதற்கென்றே 1961இல் கருக்கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று, 1968இல் சண்டிகரில் முறைப்படி திறக்கப்பட்டது.

ஆயினும் என் மதிப்பில், வேகத்தை அளப்பவனுக்கு டில்லி செய்த பேருதவி வேறொன்று. இந்தியாவின் நேரத்தை இன்றளவும் பேணி வருவது பௌதிக ஆய்வுக்கூடமே. 1959 முதல் பல்லாண்டுகள் 'ஏடிஏ' என்ற அழைப்புக் குறியுடன் அது காலத்தையும் அதிர்வெண்ணையும் வானொலி அலையில் ஒலிபரப்பியது. குண்டைத் தீண்டாமல் அலையைக் கொண்டே அதன் வேகத்தை அளக்கும் ராடார் குரோனோகிராஃப், அதிர்வெண் வழுவாத அலை ஒன்று இருந்தாலன்றி இல்லை. 1842இல் டாப்ளர் கூறிய தத்துவப்படி, விலகிச் செல்லும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே தாழ்கிறது. அந்த வித்தியாசமே வேகம். 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.25 சென்டிமீட்டர். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, அலை போகும்போது ஒரு முறையும் மீளும்போது ஒரு முறையுமாக மாறுதல் விளைப்பதால், வித்தியாசம் 1,28,000 ஹெர்ட்ஸ் ஆகிறது. பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மாறுவதை 1928இல் ராமனோடு சேர்ந்து கண்டவர் கிருஷ்ணன். அந்த மாறுதலின் காரணம் முற்றிலும் வேறாயினும், திரும்பி வரும் அலையைக் கேள்வி கேட்கும் மனப்பாங்கு இரண்டிற்கும் பொதுவானது.

இந்த ராடார் கருவி சிறிதாயினும் அதை நிறுத்தும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். முக்காலியின் மீது, குழல் வாய்க்குச் சற்றுப் பின்னாகவும் ஒரு சாண் பக்கத்திலும் வைத்து, அதன் முகத்தை இலக்கை நோக்கித் திருப்ப வேண்டும். வெடியின் அதிர்ச்சி கருவியை அசைத்துவிடலாகாது. வெடியோசை கேட்டதும் கருவி விழித்துக்கொள்ளும். ஓசை மெலிந்த காற்றுத் துப்பாக்கிக்கு ஓர் ஒலிவாங்கியைக் குழலருகே பொருத்துவார்கள். கருவி பக்கவாட்டில் நிற்பதால், தன்னை நோக்கிய நேர்கோட்டில் அமையும் வேகத்தின் கூறு மட்டுமே அதற்குத் தெரியும். 15 சென்டிமீட்டர் விலகி நிற்கும் கருவிக்கு, ஒரு மீட்டர் முன்னே செல்லும் குண்டு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்த வேகமுடையதாகத் தோன்றும். 800 மீட்டர் 791 ஆகிவிடும். பத்து மீட்டர் தூரத்தில் அதே பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இதனாலேயே விலகல் தூரத்தை முன்னதாகக் கருவிக்குத் தெரிவித்து, பல தூரங்களிற் கிடைத்த வேகங்களைக் கோத்து, குழல் வாயில் இருந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள்.

நூற்றுக்கு ஒரு பங்கான இந்தப் பிழை சட்டத்தின் வாசல் வரை செல்லக்கூடியது. மத்திய அரசின் 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள், காற்றுத் துப்பாக்கிகளைப் பாகுபடுத்துகையில், குழலின் விட்டத்தோடு குழல் வாய் ஆற்றல் 20 ஜூல் அளவைக் கடக்கிறதா என்பதையும் எல்லையாக வைத்தன. 0.53 கிராம் எடையுள்ள சிறு குண்டுக்கு அந்த எல்லை வினாடிக்குச் சுமார் 275 மீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்ததாகையால், வேகத்தில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆற்றலில் இரண்டு குறையும். உண்மையில் 20.2 ஜூல் உடைய துப்பாக்கி, திருத்தம் செய்யாத கருவியில் 19.8 என்று பதிவாகி, உரிமம் வேண்டாதவற்றின் வரிசையில் சேர்ந்துவிடும்.