ஊனத்தை அளப்பது யார்? மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் காயம்பட்டோர் நிலை

உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு ஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தை நாடும் வழி இந்தியச் சட்டத்தில் நெடுங்காலமாகவே இருந்து வந்தாலும், அந்த வழியில் எளிய மக்கள் பெரும் எண்ணிக்கையில் நடக்கத் தொடங்கியது சாலை விபத்துகளின் பொருட்டே ஆகும். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்திய இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்னும் அமைப்பை 1988ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 165ஆம் பிரிவில் தொடர்ந்தது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும் மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிபதிகளும் இப்பொறுப்பை ஏற்கிறார்கள். வழக்கறிஞர்கள் நாவில் இம்மனுக்களுக்கு ‘எம்.சி.ஓ.பி.’ என்று பெயர். உரிமையியல் வழக்கின் நீண்ட நடைமுறைகளுக்குக் கட்டுப்படாமல் சுருக்க விசாரணை நடத்தலாம் என்று 169ஆம் பிரிவும், ‘நியாயமானது’ என்று தீர்ப்பாயத்துக்குத் தோன்றும் தொகையை வழங்கலாம் என்று 168ஆம் பிரிவும் கூறுகின்றன. இவ்வளவு தாராளமான அதிகாரம் இருந்தும், இறந்தவரின் குடும்பத்துக்கு ஓரளவு சீராகக் கிடைக்கும் நீதி, உயிர் பிழைத்து உடல் முடங்கியவருக்கு அதே சீருடன் கிடைப்பதில்லை. தொகையைக் கணக்கிடும் விதிகளில் காட்டிய அக்கறையை, அக்கணக்கின் அடிப்படை எண்ணான ஊன அளவை நிறுவும் முறையில் சட்டநடைமுறை காட்டவில்லை என்பதே இதற்குக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

வழக்கின் பாதை காவல் நிலையத்தில் தொடங்குகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, விசாரணை அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாள்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையையும் அளிக்க வேண்டும். அவ்வறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும் என்று 166ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஏட்டளவில் பார்த்தால், காயம்பட்டவர் மனுவே போடாமல் வழக்கு நடந்துவிடலாம். ஆனால் நடப்பில் வழக்கறிஞர் வழியே மனு தாக்கல் செய்வதுதான் பொதுவழக்கு. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகியவற்றுள் எந்த எல்லையிலும் மனு போடலாம் என்பது வெளியூரில் அடிபட்டவருக்குப் பெரிய வசதி. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது வசதிக் குறைவு; மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைபவருக்கு ஆறு மாதம் எவ்வளவு குறுகியது என்பதைச் சட்டமியற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தக் காலவரம்பின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறது.

ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிப்பது ஒப்பீட்டளவில் எளிது. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்னும் வாய்பாடு பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் கண்டவர் சாட்சியமும் அதற்குத் துணை நிற்கின்றன. குற்ற வழக்கில் வேண்டப்படுவது போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, எது நடந்திருக்கக் கூடியது என்பதில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. காயம்பட்டவரின் வழக்கு உண்மையில் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான்.

இறப்புக்கு ஒரு சான்றிதழ் போதும். அதன்மேல் எழும் கணக்கு பெரும்பாலும் வரையறுக்கப்பட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டு சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுக்கு ஏற்ற பெருக்கெண்களை, அதாவது ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்னும் அட்டவணையை, 15 முதல் 25 வயது வரை 18 என்று தொடங்கி 65 வயதுக்கு மேல் 5 என்று இறங்கும்படி நிலைப்படுத்தியது. 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு, எதிர்கால வருமான உயர்வுக்கு எத்தனை விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பதையும் வகுத்தது. காயம்பட்டோருக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆனால் அவர்கள் கணக்கில் கூடுதலாக ஓர் எண் வேண்டும். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதே அந்த எண்.

இதைப் பற்றி ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி தெளிவானது. மருத்துவர் சொல்லக்கூடியது உடலின் நிரந்தர ஊனத்தை மட்டுமே; அந்த ஊனத்தால் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதைத் தீர்ப்பாயமே முடிவு செய்ய வேண்டும். ஒரு காலில் 60 விழுக்காடு ஊனம் என்றால் முழு உடலுக்கும் 60 விழுக்காடு ஆகிவிடாது. இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ தொழில் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் நீடிக்க முடியும். ஊனச் சான்றிதழ்களை மலிவாக வழங்கும் போக்கைக் கண்டித்த அத்தீர்ப்பு, தீர்ப்பாயம் வெறும் பார்வையாளராக இருந்துவிடக் கூடாது என்றும் வலியுறுத்தியது.

இந்த எண் மாறும்போது தொகை எப்படி மாறுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 38 வயதுத் தச்சரின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குக் குறைந்தவருக்கு உரிய 40 விழுக்காட்டைச் சேர்த்தால் 2,52,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண்ணான 15ஆல் பெருக்கினால் 37,80,000. மருத்துவரின் சான்று கூறும் 40 விழுக்காட்டை அப்படியே எடுத்தால் வருமான இழப்பு 15,12,000 ரூபாய். தொழிலைக் கருதி 80 விழுக்காடு என்று தீர்ப்பாயம் கண்டால் 30,24,000. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுநாளாகப் புழங்கும் இன்னொரு முறையும் உண்டு. ஊனத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இவ்வளவு ரூபாய் என்று தருவது அது. விழுக்காட்டுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதே தச்சருக்கு ஊனத்தின் பேரில் கிடைப்பது 2,00,000 மட்டுமே. சிறு காயங்களுக்கு இம்முறை பொருந்தலாம். கருவியைப் பிடிக்க முடியாமல் போனவருக்கு அதைப் பயன்படுத்துவது அநீதி.

இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தீர்மானிக்கும் சான்று எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் வியப்புக்குரியது. சிகிச்சை அளித்த மருத்துவர் பணிச்சுமையால் சாட்சிக் கூண்டு ஏறத் தயங்க, மனுதாரரை ஒருமுறை மட்டும் பார்த்த வேறொரு மருத்துவர் சான்று தர, அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எளிதில் ஆட்டம் காணச் செய்ய, முடிவில் தீர்ப்பாயம் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. மனுதாரர் என்ன வேலை செய்தார், அதில் எந்த அசைவுகள் தேவை, இப்போது எவை கூடவில்லை என்பன போன்ற கேள்விகள் சாட்சியத்தில் ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் இடம்பெறுவது அரிது. மக்கள் நீதிமன்றத்திலும் அந்தச் சான்றின் எண்ணை வைத்துத்தான் பேரம் நடக்கிறது. அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடும் கிடையாது.

தீர்ப்பு கிடைத்த பின்னும் பணம் உடனே கைக்கு வருவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீடு எடுக்காமல் தனி நிதியிலிருந்து ஈடு தரச் சட்டம் இடமளிக்கிறது. அத்தொகை வராதபோது நிறைவேற்று மனு போடப்பட்டு, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து, நிற்கும் பேருந்தில் ஜப்தி உத்தரவை ஒட்ட, பயணிகள் பையும் மூட்டையுமாக இறங்கி வேறு வண்டி தேடும் காட்சி தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்குப் பழக்கமானது. அந்தக் காட்சி செய்தியாகிறது. முன்பே தவறாக மதிப்பிடப்பட்ட ஊனம் செய்தியாவதில்லை.

இக்குறையை நீக்கப் புதிய சட்டம் தேவையில்லை. விசாரணைக்கு உரிய பொருளில் தனியறிவு உடையோரைத் தன் உதவிக்கு அமர்த்திக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு 169ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரும், உடலியக்க மருத்துவரும், மனுதாரரின் தொழிலை அறிந்த ஒருவரும் தீர்ப்பாயத்தின் அழைப்பின் பேரில், இருதரப்பையும் சாராமல் அறிக்கை அளித்தால் ஊன விழுக்காட்டைப் பற்றிய வழக்காடல் பெருமளவு குறையும்; காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போலிச் சான்று பற்றிய அச்சம் நீங்கும். கடுங்காய வழக்குகள் அனைத்திலும் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு உயர் நீதிமன்றங்கள் தம் ஆளுகைக்கு உட்பட்ட தீர்ப்பாயங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.