ரூபி மொழியில் மெத்தட் தேடல்

ரூபி நிரலில் ஓர் ஆப்ஜெக்டிடம் ஒரு வேலையைச் சொன்னதும், அந்த வேலைக்கான மெத்தட் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று மொழியின் இயக்கி அந்தக் கணத்தில் தேடிப் பிடிக்கிறது. இந்த நடைமுறையே மெத்தட் தேடல். சி++ போன்ற மொழிகளில் இதன் பெரும்பகுதியைக் கம்பைலர் முன்பே முடித்துவிடும். ரூபியில் அதற்கு வழியில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலே ஒரு கிளாஸைத் திறந்து புதிய மெத்தடைச் சேர்க்கலாம், பழையதை மாற்றலாம், நீக்கலாம். (பள்ளிப் பாடநூல்களில் இனக்குழு, பொருள் என்று வருபவை இக்கட்டுரையில் நிரலர்கள் வாயில் வழங்குகிறபடி கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றே வருகின்றன.)

ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993இல் ரூபியை உருவாக்கத் தொடங்கினார். முதல் பொதுப் பதிப்பு 1995 டிசம்பரில் வந்தது. மெத்தட் அழைப்பை ‘செய்தி அனுப்புதல்’ என்று பார்க்கும் வழக்கம் ஸ்மால்டாக் மொழியிலிருந்து வந்தது. அழைக்கும் இடம் பெயரை மட்டும் சொல்கிறது; அந்தப் பெயரைக் கேட்டு என்ன செய்வது என்பது பெறும் ஆப்ஜெக்டின் பாடு.

ஒற்றை வரிசை

ரூபியின் ஆப்ஜெக்டுக்குள் மெத்தட் எதுவும் இருப்பதில்லை. அதன் மாறிகளின் மதிப்புகளும், அது எந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்று காட்டும் சுட்டியும் மட்டுமே உண்டு. மெத்தட்கள் கிளாஸில் ஒரு பெயர் அட்டவணையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கிளாஸும் தன் தாய்க் கிளாஸைச் சுட்டுகிறது. தேடல் இந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பெயர் அகப்பட்ட முதல் இடத்தில் நின்றுவிடும்.

‘கணக்கு’ என்ற கிளாஸும் அதன் வழிவந்த ‘சேமிப்புக்கணக்கு’ என்ற கிளாஸும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சேமிப்புக் கணக்கிடம் ‘இருப்பு’ என்று கேட்டால் தேடல் சேமிப்புக்கணக்கு, கணக்கு, ஆப்ஜெக்ட், கெர்னல், பேசிக்ஆப்ஜெக்ட் என்ற வரிசையில் போகும். எந்தக் கிளாஸிடமும் ‘ஆன்செஸ்டர்ஸ்’ என்று கேட்டால் இந்த வரிசையை அப்படியே ஒப்பிக்கும். (உதாரணத்தில் தமிழ்ப் பெயர் வைத்தது வசதிக்காகத்தான். கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ரூபியின் கட்டாயம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாததால் கிளாஸுக்குத் தமிழ் எழுத்தில் தொடங்கும் பெயர் வைக்க முடியாது. மெத்தடுக்கும் மாறிக்கும் தாராளமாக வைக்கலாம்.)

விதி இவ்வளவுதான். விதிவிலக்குகளாகத் தோன்றும் பலவும் இந்த விதியைத் தொடுவதே இல்லை. வரிசைக்குள் இன்னொரு கிளாஸை ஓசைப்படாமல் நுழைப்பதோடு சரி. ரூபியின் வடிவமைப்பில் மெச்சத்தக்கது இது.

வரிசைக்குள் நுழைபவை

ஒரே ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டும் ஒரு மெத்தட் வேண்டுமென்றால், அந்த ஆப்ஜெக்டுக்கும் அதன் கிளாஸுக்கும் நடுவே சிங்கிள்டன் கிளாஸ் என்ற தனிக் கிளாஸ் உருவாகிறது. தேடல் அங்கிருந்து தொடங்கும். ‘கிளாஸ் மெத்தட்’ என்று புத்தகங்கள் தனி இனம்போலச் சொல்வதும் இதேதான். கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட். அதன் சிங்கிள்டன் கிளாஸில் எழுதப்பட்டதைத்தான் கிளாஸ் மெத்தட் என்கிறோம். சேமிப்புக்கணக்கின் சிங்கிள்டன் கிளாஸுக்குத் தாயாகக் கணக்கின் சிங்கிள்டன் கிளாஸ் அமைவதால், கிளாஸ் மெத்தட்களும் வாரிசுக்குப் போய்ச் சேர்கின்றன. முழு எண்களுக்கும் சிம்பல்களுக்கும் சிங்கிள்டன் கிளாஸ் கிடையாது.

ரூபியில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்க் கிளாஸ்தான். பல இடங்களிலிருந்து மெத்தட் பெற, மெத்தட்களின் தொகுப்புகளான மாட்யூல்கள் உண்டு. ஒரு மாட்யூலை ‘இன்க்ளூட்’ செய்தால், அதன் மெத்தட் அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு மறைமுகக் கிளாஸ் உருவாகி, மாட்யூலைச் சேர்த்துக்கொண்ட கிளாஸுக்கும் அதன் தாய்க் கிளாஸுக்கும் இடையே உட்காரும். மேலே சொன்ன வரிசையில் இருக்கும் கெர்னலும் இப்படி ஆப்ஜெக்ட் கிளாஸில் சேர்க்கப்பட்ட மாட்யூல்தான். இரண்டு மாட்யூல்களைத் தனித்தனி வரிகளில் சேர்த்தால் கடைசியாகச் சேர்ந்தது முதலில் தேடப்படும். ஒரே வரியில் காற்புள்ளியிட்டுச் சேர்த்தால் முதலில் எழுதியது முதலில் தேடப்படும். இதில் தடுக்கி விழாத ரூபி நிரலர் குறைவு.

2013 பிப்ரவரியில் வந்த ரூபி 2.0 ‘ப்ரிபெண்ட்’ என்பதைச் சேர்த்தது. இதில் மாட்யூல், கிளாஸுக்கு முன்னால் போய் நிற்கிறது. கிளாஸின் மெத்தட்கள் முழுவதும் ‘ஆரிஜின்’ என்ற மறைமுகக் கிளாஸுக்கு இடம்பெயர, அது மாட்யூலுக்குப் பின்னால் வைக்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ள ஒரு மெத்தடைச் சுற்றி வேறு வேலை சேர்க்க, ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகம் நெடுங்காலம் பழைய மெத்தடுக்கு மாற்றுப்பெயர் கொடுத்துப் புதியதை அதன் இடத்தில் வைத்து வந்தது. ப்ரிபெண்ட் வந்த பிறகு அந்த ஒட்டுவேலை தேவையற்றுப் போனது; ரெயில்ஸ் 5 அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கிளாஸ் ஏற்கெனவே சேர்த்துக்கொண்ட மாட்யூலுக்குள் பின்னால் இன்னொரு மாட்யூலைச் சேர்த்தால், 2020 டிசம்பர் வரை அந்தக் கிளாஸுக்கு அது தெரியாது. வரிசை, சேர்த்த நேரத்தில் எடுத்த நகலாகவே நின்றிருந்தது. ரூபி 3.0 இந்தக் குறையைச் சரிசெய்தது.

‘சூப்பர்’ என்பதன் பொருளும் இந்த வரிசையைக் கொண்டே விளங்கும். தாய்க் கிளாஸை அழைப்பது என்று அதைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். உண்மையில் இப்போது ஓடும் மெத்தட் அகப்பட்ட இடத்துக்கு அடுத்த இடத்திலிருந்து தேடலைத் தொடர்வதே சூப்பர். அடுத்தது மாட்யூலாகவும் இருக்கலாம்.

அகப்படாதபோது

பேசிக்ஆப்ஜெக்ட் வரை போயும் பெயர் கிடைக்காவிட்டால் இயக்கி உடனே கைவிரிப்பதில்லை. ‘மெத்தட் மிஸ்ஸிங்’ என்ற பெயரில் வரிசையின் தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை தேடுகிறது. கேட்ட பெயரையும் கொடுத்த மதிப்புகளையும் அதனிடம் ஒப்படைக்கிறது. யாரும் அதை எழுதியிருக்காவிட்டால் பேசிக்ஆப்ஜெக்டில் இருப்பது அகப்பட்டு, ‘அப்படி ஒரு மெத்தட் இல்லை’ என்ற பிழையை எழுப்பும். ஸ்மால்டாக்கில் ‘டஸ் நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்ற செய்தி செய்த அதே வேலை இது.

இதை வைத்து ரெயில்ஸின் தரவுத்தளப் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டு, எழுதப்படாத மெத்தட்களுக்கும் பதில் சொன்னது. தரவுத்தள அட்டவணையில் இருக்கும் பத்தியின் பெயரைச் சேர்த்து ஒரு மெத்தடை அழைத்தால், அது பெயரைப் பிரித்துப் பார்த்துத் தரவுத்தளத்தில் தேடும். வித்தைக்கு விலையும் உண்டு. மெத்தட் மிஸ்ஸிங்குக்குள் ஒரு மாறியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், ரூபி அதையும் மெத்தட் அழைப்பாக எடுத்துக்கொண்டு மறுபடி மெத்தட் மிஸ்ஸிங்கிடமே வரும். அடுக்கு நிரம்பி நிரல் சாகும் வரை இந்தச் சுற்று ஓயாது.

தேடலை நடுவழியில் நிறுத்தவும் முடியும். ‘ரிமூவ்’ செய்தால் அந்த இடத்தில் இருக்கும் மெத்தட் மட்டும் போகும், மேலே இருப்பது வழக்கம்போல அகப்படும். ‘அன்டெஃப்’ செய்தாலோ அந்தப் பெயருக்கு அங்கே ஒரு தடுப்பு விழும்; மேலே இருந்தாலும் தேடல் தாண்டாது. பிரைவேட் மெத்தடும் ஏறக்குறைய இப்படித்தான். அனுமதி உண்டா என்று பார்ப்பது கண்டுபிடித்த பின்புதான். அனுமதி இல்லையென்றால், மேலே பொதுவான ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் பழக்கம் இல்லை.

ஒற்றை வரிசைக்கு முழுதும் அடங்காதது ‘ரிஃபைன்மென்ட்’. 2.0இல் சோதனையாக வந்து 2.1இல் நிலைபெற்ற இது, ஒரு கிளாஸில் செய்த மாற்றத்தை ‘யூசிங்’ என்று அறிவித்த பகுதிக்குள் மட்டும் காட்டும். அதாவது பதில், கேட்கப்படும் ஆப்ஜெக்டை மட்டும் பொறுத்ததாக இல்லாமல் எந்த இடத்திலிருந்து கேட்கிறோம் என்பதையும் பொறுத்ததாகிறது. மொழியின் மற்ற பகுதிகளோடு இது ஒட்டாமலே நிற்கிறது. பரவலாகப் புழங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வேகம்

ஒவ்வோர் அழைப்புக்கும் வரிசை முழுவதையும் ஏறிப் பார்த்தால் நிரல் நகராது. நிரலில் ஓர் இடத்திலிருந்து செல்லும் அழைப்பு பெரும்பாலும் ஒரே கிளாஸின் ஆப்ஜெக்டுக்கே போகிறது என்பதை ஸ்மால்டாக்-80க்காகப் பயன்படுத்தி, பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் 1984இல் ஒரு வழி காட்டினர். அழைக்கும் இடத்திலேயே கிளாஸையும் முந்தைய தேடலின் விடையையும் குறித்து வைத்துக்கொள்வது அந்த வழி. ரூபி 1.9 முதல் இதே உத்தி உண்டு. அதற்கும் முன்பு 2,048 இடங்கள் கொண்ட ஒரு பொது அட்டவணை மட்டும் இருந்தது.

குறித்து வைப்பது எளிது. குறிப்பு எப்போது பொய்யாகிறது என்று அறிவதே கடினம். ரூபி 2.0 வரை இதற்கு நிரல் முழுவதற்கும் ஒரே எண். எங்கேனும் ஒரு மெத்தட் எழுதப்பட்டால் அந்த எண் கூடும். உடனே எல்லா இடங்களின் குறிப்புகளும் செல்லாக்காசாகும். வலைக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்ஜெக்டை ‘எக்ஸ்டெண்ட்’ செய்யும், அதாவது அதன் சிங்கிள்டன் கிளாஸில் ஒரு மாட்யூலைச் சேர்க்கும் நிரல்கள், இந்தக் காரணம் தெரியாமலே வேகம் இழந்தன. ரூபி 2.1 அந்த எண்ணைக் கிளாஸ்தோறும் பிரித்து, மாற்றம் நடந்த கிளாஸையும் அதன் வாரிசுகளையும் மட்டும் பாதிக்கும்படி செய்தது. ரூபி 3.0இல், ரூபியை உருவாக்குபவர்களுள் ஒருவரான கோய்ச்சி சசாதா பொது அட்டவணையை அகற்றிக் கிளாஸுக்கு ஒன்றாக அமைத்தார். ஒரே நேரத்தில் பல கோர்களில் ஓடும் ‘ராக்டர்’களுக்குப் பொது அட்டவணை இடைஞ்சலாக இருந்தது. 2021 டிசம்பரில் ரூபி 3.1உடன் வந்த ஒய்ஜிட் என்ற கம்பைலர், கண்டுபிடித்த மெத்தட் மாறாது என்று நம்பி, ஓடும் நிரலை இயந்திர மொழிக்கே மாற்றிவிடுகிறது. யாராவது அந்த மெத்தடைத் திருத்தி எழுதினால், அதை நம்பி உருவாக்கியதைத் தூக்கி எறிந்துவிடுகிறது.